பெயருள்ள புட்டியும் பெயரில்லாத துணியும்

கல்முனைப் பக்கத்து ஆள் வைனைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுசாரம் எமக்கு விலக்கப்பட்டது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தப் புட்டியின் மீது ஒட்டியிருக்கும் சீட்டு விலக்கப்பட்டதல்ல. அந்தச் சீட்டை வாசிக்க மறுத்ததால் எமது கரையோர ஊர்கள் எதை இழந்து வருகின்றன என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன். நான் பேசப்போவது மருதமுனைக் கைத்தறியைப் பற்றி.

முதலில் சீட்டு. தென் அவுஸ்திரேலியாவில் ஈடன் பள்ளத்தாக்கு என்றொரு மேட்டுப்பகுதி உண்டு. பெயரில்தான் பள்ளத்தாக்கு, உண்மையில் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீற்றர் உயரத்திலுள்ள குளிர்ந்த நிலம். அங்கு ஜெர்மன் லூத்தரன் குடியேறிகள் கட்டிய சிறு தேவாலயம் ஒன்றின் எதிரே, 1860களில் நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. தேவாலயம் இருக்கும் இடத்தின் ஜெர்மன் பெயர் கினாடன்பெர்க். அருளின் குன்று என்று பொருள். 1958ஆம் ஆண்டு சிரில் ஹென்ஷ்கி என்பவர் அந்த ஒரே தோட்டத்துப் பழத்தை வேறெதனோடும் கலக்காமல் வடித்து, 'ஹில் ஒஃப் கிரேஸ்' என்று அந்த நிலத்தின் பெயரையே புட்டியில் பொறித்தார். இன்று ஒரு புட்டியின் விலை பல நூறு அவுஸ்திரேலிய டொலர். தோட்டமோ சில ஹெக்டேயர்தான்.

குளிர்ந்த நிலத்தில் பழம் மெல்லக் கனிகிறது, புளிப்பு குறைவதில்லை. அந்தப் புளிப்பும் தோலின் துவர்ப்பும் சேர்ந்தே அந்த வைனைப் பல பத்தாண்டுகள் கெடாமல் முதிரச் செய்கின்றன என்கிறார்கள் அத்துறையினர். குளிர்நிலத்து ஷிராஸில் மிளகு மணம் வீசுவதற்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற சேர்மத்தை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அடையாளம் கண்டார்கள். எங்கள் மிளகில் இருப்பதும் அதே சேர்மந்தான். ஆனால் எனது கவனத்தைக் கவர்ந்தது மணமல்ல. 2000ஆம் ஆண்டு விளைச்சல் தரமாக அமையவில்லை என்பதற்காக அந்த ஆண்டு முத்திரையோடு ஒரு புட்டியைக்கூட அக்குடும்பம் வெளியிடவில்லை. பெயரைக் காப்பதற்காக ஓர் ஆண்டு வருமானத்தை விட்டுக்கொடுத்தார்கள். பெயரை அவர்கள் முதலாகக் கருதுகிறார்கள்.

இனி எமது ஊருக்கு வருவோம்.

கல்முனை நகருக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையில் கடலோரமாகக் கிடக்கும் ஊர் மருதமுனை. இலங்கையில் கைத்தறி என்றதும் நினைவுக்கு வரும் முதல் ஊர்களுள் ஒன்று. சாறன், சேலை, படுக்கை விரிப்பு எனத் தலைமுறை தலைமுறையாக நெய்த கைகள் அங்கே உள்ளன. ஒரு காலத்தில் அவ்வூரின் ஒழுங்கைகளில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்கும். ஆண் தறியில் அமர்ந்திருப்பான். பெண்கள் தார் சுற்றுவார்கள். பாவு ஓட்டுவதற்கு அயல் வீட்டாரும் கைகொடுப்பார்கள். கூலியென்று கணக்கில் ஏறாத அந்தப் பெண்களின் உழைப்பும் துணிக்குள் இருந்தது.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில் உள்ளூர்த் துணிக்குக் கிராக்கி இருந்தது, மருதமுனை செழித்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. விசைத்தறித் துணியும் இறக்குமதித் துணியும் குவிந்தன, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. யுத்த காலத்தில் பாதைகள் மூடுண்டன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறைதான். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். மருதமுனையில் மனிதர்களோடு தறிகளும் போயின. 2022இல் ரூபாய் சரிந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் நூலினதும் சாயத்தினதும் விலை நெசவாளியின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

இவையனைத்தும் வெளியிலிருந்து வந்த அடிகள். இவற்றைப் பற்றி எழுதி எழுதி எமது பேனாக்கள் தேய்ந்துவிட்டன. எமக்கு நாமே கொடுத்துக்கொண்ட அடியைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. மருதமுனைத் துணியை அதன் ஊர்ப் பெயரில் விற்க நாம் தவறிவிட்டோம். அதைவிட மோசமாக, வேண்டுமென்றே அந்தப் பெயரை மறைத்தும் விற்றோம்.

யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு துணிக்கடையில் அழகான சாறன் ஒன்றைக் கண்டேன். நெசவைப் பார்த்தவுடனேயே எங்கள் பக்கத்துத் துணி என்று தெரிந்தது. ஆனால் அதில் ஊரைக் குறிக்கும் எந்தச் சீட்டும் இல்லை. கடைக்காரர் எனது மாவட்டத்துக்காரர். ஏன் என்று கேட்டேன். "காக்கா, ஊர்ப் பெயரைப் போட்டால் மற்ற ஆக்கள் வாங்கமாட்டாங்க" என்றார். அந்தக் காலத்தில் அந்த அச்சத்துக்குக் காரணமிருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் யுத்தம் 2009இல் முடிந்தது. அச்சம் மட்டும் வியாபாரப் பழக்கமாகித் தங்கிவிட்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தபோது, ஊர்ப் பெயரை மறைத்து விற்றவர்களை அந்த மறைப்புக் காப்பாற்றியதா? கடைக்காரரின் பெயரைப் பார்த்தே ஒதுக்கினார்கள். மறைத்ததால் வந்த பாதுகாப்பு ஏதுமில்லை. இழந்தது மட்டும் மிச்சம்.

ஏன் பெயர் இவ்வளவு முக்கியம்? முதிரக்கூடிய வைனுக்கும் கைத்தறிச் சாறனுக்கும் உள்ள ஓர் ஒற்றுமையைச் சொல்கிறேன். இரண்டின் தரமும் வாங்கும் வேளையில் கண்ணுக்குத் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கும் என்பதைப் புட்டியைத் திறக்காமல் எவராலும் சொல்ல முடியாது. புதிய கைத்தறிச் சாறனும் அப்படித்தான். கஞ்சி போட்ட விறைப்போடு, சற்று முரடாக இருக்கும். அதன் அருகே வைத்த விசைத்தறித் துணி மினுமினுக்கும். பத்துத் தடவை துவைத்த பின் பாருங்கள். முன்னது உடலோடு ஒட்டி மென்மையாகியிருக்கும். பின்னது வெளிறி நூலாகியிருக்கும். நெசவாளி விரலால் தடவிப் பார்த்தே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவான். வாங்குகிறவருக்கு அந்த விரல் இல்லை. எதிர்காலத்தில் மட்டுமே தெரியக்கூடிய தரத்துக்கு இன்றைக்கு விலை கேட்க வேண்டுமானால், அதற்குச் சாட்சி சொல்ல ஒரு பெயர் தேவை. பெயரில்லாதபோது இரண்டு துணிகளும் ஒரே அடுக்கில் கிடக்கும். மலிந்த துணி வெல்லும்.

பெயரைக் காக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. மலேசிய வாசகர்கள் 'காயின் பெலிக்காட்' என்ற கட்டம்போட்ட சாறனை நன்கு அறிவார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, 1613இல் ஒல்லாந்தர் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய அதே துறைமுகம். தமிழ் முஸ்லிம் மரக்காயர்கள் கப்பலேற்றிய துணி தென்கிழக்காசியாவுக்கு அந்த ஊர்ப் பெயரில் போனது. இன்று அந்தப் பெயரில் துணி எங்கெங்கோ நெய்யப்படுகிறது. பழவேற்காட்டுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. பெயர் உலகம் சுற்றுகிறது, ஊர் மீன் பிடித்துப் பிழைக்கிறது.

ஷிராஸ் என்ற பெயரும் அப்படிப்பட்டதே. சஅதியும் ஹாஃபிஸும் அடங்கிய பாரசீக நகரத்தின் பெயர் அது. அந்தத் திராட்சை அங்கிருந்துதான் வந்தது என்று நெடுங்காலம் கதை சொன்னார்கள். 1998இல் மரபணுச் சோதனை செய்து பார்த்ததில் அதன் தாயும் தகப்பனும் பிரான்ஸின் தென்கிழக்கைச் சேர்ந்த இரு திராட்சை வகைகள் எனத் தெரியவந்தது. ஈரானின் ஷிராஸ் நகரம் அந்தப் பெயரால் எதையும் பெறவில்லை. பிரெஞ்சுக்காரர்களோ தங்கள் பெயரை அப்படி விடவில்லை. அவுஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஷிராஸான 'கிரேன்ஞ்' பல்லாண்டுகளாக 'கிரேன்ஞ் ஹெர்மிடேஜ்' என்றே விற்கப்பட்டது. ஹெர்மிடேஜ் எங்கள் ரோன் நதிக்கரைக் குன்றின் பெயர் என்று ஐரோப்பா விடாமல் வாதாடியது. 1990ஆம் ஆண்டு வைனிலிருந்து அந்தச் சொல் சீட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு குன்றின் பெயருக்காக ஒரு கண்டம் பணிந்தது.

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம் வருகிறது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் 'டிரிப்ஸ்' உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். 22ஆம் உறுப்புரை எல்லாப் பொருள்களுக்கும் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் போலிப் பெயரால் மக்கள் ஏமாந்தார்கள் என்று முறைப்பாடு செய்பவர் நிரூபிக்க வேண்டும். 23ஆம் உறுப்புரை வைனுக்கும் வடிசாராயத்துக்கும் மட்டும் தனிச்சலுகை தருகிறது. அங்கே எவரும் ஏமாந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. 'இன்ன ஊர் பாணி', 'இன்ன ஊர் வகை' என்று எழுதுவதுகூடக் குற்றம். அதாவது மதுவின் பெயருக்குக் கோட்டைச் சுவர்; துணியின் பெயருக்கும் அரிசியின் பெயருக்கும் ஓலை வேலி. எழுதியவர்கள் யாருடைய மேசையில் இருந்து எழுதினார்கள் என்பது விளங்குகிறதல்லவா? இந்தப் பாரபட்சத்தை நீக்கி ஏனைய பொருள்களுக்கும் அதே பாதுகாப்பை விரிக்க வேண்டும் என்று கேட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 2001 தோஹா மாநாட்டின் பிரகடனத்திலும் இது இடம்பெற்றது. அதற்குமேல் நகரவில்லை.

ஜெனீவாவில் நியாயம் கேட்ட நாடு, தன் வீட்டில் என்ன செய்தது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஊர்ப் பெயர்களை அங்கீகரித்தது. ஆனால் அவற்றைப் பதிவதற்கு ஒரு பதிவேட்டை அமைக்க வழிசெய்யும் திருத்தம் 2022இல்தான் வந்தது. இடையில் பத்தொன்பது ஆண்டுகள். அண்டை நாட்டில் 2003 செப்டெம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே டார்ஜிலிங் தேயிலை பதிவாயிற்று. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி என்று வரிசையாகத் தொடர்ந்தன. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குக்கூட அந்தப் பதிவு கிடைத்தது. இலங்கைக் கறுவா 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பைப் பெற்றது, மகிழ்ச்சி. கறுவாவுக்காக உழைத்த அதே அக்கறை, கிழக்கின் கரையோரத் தறிக்கு ஏன் இல்லை? கேட்பதற்கு எமக்கு வாயில்லை என்பது ஒரு காரணம். கேட்க வேண்டிய மாகாண சபை 2017இல் பதவிக்காலம் முடிந்து, ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது இன்னொரு காரணம். எமது அரசியல்வாதிகளுக்கு ஊரின் பெயர் தேர்தல் மேடைக்கு மட்டும் தேவைப்படுவது மூன்றாவது காரணம்.

இந்தக் கருத்தைச் சொன்ன இடங்களிலெல்லாம் மூன்று மறுப்புகளைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "திராட்சை மண்ணில் விளைகிறது. மருதமுனைத் துணிக்கு நூலே இந்தியாவிலிருந்து வருகிறது. இதில் ஊர் எங்கே இருக்கிறது?" காஞ்சிபுரத்தில் மட்டும் பட்டுப்புழுவா வளர்கிறது? பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. ஆயினும் அது காஞ்சிபுரம் பட்டுதான். ஈடன் பள்ளத்தாக்கின் கொடிகளும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த குச்சிகளின் வாரிசுகளே. மண் மட்டுமே ஊர் அல்ல. கையின் பழக்கம் ஊர், நிறத்தேர்வு ஊர், நூறு ஆண்டு நற்பெயர் ஊர். சர்வதேசச் சட்டமும் நற்பெயரை ஒரு தகுதியாகவே ஏற்கிறது.

இரண்டாவது: "நெசவாளிக்கு வேண்டியது மலிந்த நூல். பெயரை வைத்துச் சோறாக்க முடியுமா?" மலிந்த நூல் வேண்டும், நிச்சயம் வேண்டும். ஆனால் சுனாமிக்குப் பின் தறிகளைக் கொடுத்தார்கள், நூலும் கொடுத்தார்கள். நெய்த துணியை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்று எவரும் கேட்கவில்லை. விலையை நெசவாளி சொல்ல முடியாத சந்தையில், நூல் மலிந்தால் அந்த இலாபமும் இடைத்தரகரின் பைக்குத்தான் போகும்.

மூன்றாவது: "கைத்தறி செத்துக்கொண்டிருக்கும் தொழில். பிள்ளைகள் படித்துக் கட்டாருக்கும் கனடாவுக்கும் போகிறார்கள்." போகட்டும். எவரையும் தறியில் கட்டிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் தறியை விட்டுப் போவது நெசவை வெறுத்தல்ல, அதில் வரும் கூலியை வெறுத்தே. ஒரு நாள் முழுவதும் நெய்து, மேசன் கையாளின் சம்பளமும் கிடைக்காத தொழிலில் எந்தப் பிள்ளை இருப்பான்? அந்தக் கூலியை உயர்த்தும் வழிகளில் ஒன்றைத்தான் நாம் மூடி வைத்திருக்கிறோம்.

நான்காவதாக எவரும் சொல்லாத, ஆனால் சொல்லியிருக்க வேண்டிய ஒரு மறுப்பு உண்டு. அதை நானே எழுப்புகிறேன். பெயர் கிடைத்தால் மட்டும் உழைப்பவன் வாழ்ந்துவிடுவானா? மலையகத்தைப் பாருங்கள். நுவரெலியா, டிம்புல, ஊவா என்று ஒவ்வொரு மேட்டுக்கும் தனிப் பெயர் வைத்து இலங்கைத் தேயிலை உலகெங்கும் விற்கப்படுகிறது. வரண்ட காற்று வீசும் மாதங்களில் கொய்த ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்பு. அதே கொழுந்தைப் பறித்த பெண்ணின் நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்க எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது! 2021இல்தான் அது நடந்தது. பெயர் இருந்தது, ஆனால் அது அவளுடைய பெயராக இருக்கவில்லை. கம்பனியின் பெயராக இருந்தது.

ஆகவே இங்கே எழும் முதன்மையான கேள்வி, பெயர் வேண்டுமா என்பதல்ல. பெயர் யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதே. 'மருதமுனைக் கைத்தறி' என்ற பெயரை நாளைக்கே ஒரு மொத்த வியாபாரி தன் வியாபாரச் சின்னமாக்கிக்கொண்டு, விசைத்தறித் துணிக்கு ஒட்டி விற்கலாம். அப்படி நடந்தால் பழவேற்காட்டின் கதை எங்கள் கண்முன்னே மீண்டும் நடக்கும். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கவென்றே குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு, 83ஆவது, முதஃப்பிஃபீன். தராசைத் தட்டுவது மட்டுமா மோசடி? நெய்யாத ஊரின் பெயரைத் துணியில் ஒட்டுவதும், நெய்த ஊரின் பெயரைத் துணியிலிருந்து கிழிப்பதும் அதே தராசைத் தட்டுவதுதான். வெள்ளிக்கிழமை மிம்பர்களில் இதைப் பற்றியும் பேசினால் நல்லது.

செய்ய வேண்டியவை இவை. ஒன்று, பெயர் நெசவாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். வியாபாரிகள் அதைப் பயன்படுத்தலாம், உரிமை கொள்ள முடியாது. இரண்டு, விதிகளை எழுதி வைக்க வேண்டும்: கைத்தறியில் மட்டும் நெய்தது, ஊரின் எல்லைக்குள் நெய்தது, இத்தனை இழைக்குக் குறையாதது, சாயம் போகாதது. மூன்று, ஒவ்வொரு துணியிலும் தறியின் இலக்கம் இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் எந்தத் தறியென்று தெரியட்டும். புகழ் வந்தாலும் எந்தத் தறியென்று தெரியட்டும். நான்கு, விதிக்கு ஒவ்வாத துணியைப் பெயரில்லாமல் விற்கும் நெஞ்சுரம் வேண்டும். 2000ஆம் ஆண்டின் விளைச்சலை மறுத்த அந்தக் குடும்பத்திடமிருந்து நாம் கற்க வேண்டியது இதைத்தான். ஐந்து, பாண்டிருப்பிலோ பெரியநீலாவணையிலோ நெய்யும் தமிழ்க் கை இருந்தால் அதையும் அந்த எல்லைக்குள் சேர்க்க வேண்டும். தறிக்கு மதமில்லை. எல்லை வகுப்பதில் ஏற்கெனவே போதுமான சண்டைகள் போட்டுவிட்டோம்.

இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு சங்கமும், நேர்மையான ஒரு செயலாளரும், விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க ஒரு சட்டத்தரணியும், பின்னால் ஓடித் திரிய சில இளைஞர்களும் போதும். எமது ஊர்களில் சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளிவாசல் நிருவாகத் தேர்தலுக்கு வழக்காடும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குச் செலவானால் வேலை முடிந்துவிடும்.

டொரொண்டோவிலும் மெல்பேர்னிலும் இலண்டனிலும் தோஹாவிலும் இருந்து இதை வாசிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வந்து சாறன் வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் "இது எந்த ஊரில் நெய்தது?" என்று கேளுங்கள். கடைக்காரர் தெரியாது என்றால் வாங்காமல் எழுந்து வாருங்கள். பத்துப் பேர் அப்படிக் கேட்டு எழுந்து வந்தால், பதினொராவது ஆள் போகும்போது கடைக்காரர் ஊரைச் சொல்வார். நூறு பேர் கேட்டால் சீட்டே ஒட்டுவார். சட்டம் வரும்வரை காத்திராமல் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை இது.